தற்காலிகமாக மரமில்லாத காடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. அந்த எண் பத்தொன்பது. கூடவே ஒரு சதவீதக் குறி. நாற்பது ஆண்டுகளில் நாட்டின் காடுகள் சேர்த்துவைத்திருக்கும் கரிமம் பத்தொன்பது சதவீதம் கூடியிருக்கிறது என்று ஓர் அறிக்கை சொல்லப்போகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதில் கையெழுத்துப் போடப்போகிறவள் என் மகள். அந்த எண் பொய். அதைப் பெற்றவன் நான். மகளையும் நான்தான் பெற்றேன். இரண்டு பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டிய நிலைமை இந்த வயதில் எனக்கு வந்திருக்கிறது.

வயது எழுபத்தெட்டு. காட்டுக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; மகள் இப்போது அங்கேதான் அதிகாரி. மரத்தைச் சுற்றி நாடா போட்டு அளப்பேன். தையற்காரர் செய்கிற அதே வேலைதான். என் வாடிக்கையாளர்கள் இடுப்பை எக்கிக் காட்டுவதில்லை என்பது மட்டும் ஒரு சௌகரியம்.

இன்னொன்று: நான் ஊரறிந்த புளுகன். என் மனைவி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதே எச்சரிக்கையும் கொடுத்துவிடுவாள். "இவர் சொல்றதுல பாதியைத் தள்ளிடுங்க. மிச்சத்தை ஒரு நாள் ஆறப்போட்டு, அப்புறம் அதையும் தள்ளிடுங்க."

நியாயம்தான். ஆனால் நான் வாயால் சொன்ன எந்தப் பொய்யும் ஓர் எறும்பைக்கூடக் கடித்ததில்லை. கேடு செய்த பொய்யை நான் சொல்லவே இல்லை. நாடா போட்டு அளந்து, மில்லிமீட்டர் சுத்தமாக எழுதிவைத்தேன். ஒவ்வொரு எண்ணும் சரி. கூட்டினால்தான் பொய்.

2

தொடக்கம் அமையவில்லை. எழுதி அடித்தவற்றை மறைக்காமல் கீழே தருகிறேன்.

"காடு மௌனமாக இருந்தது. இலைகளின் மீது பனி—"

[நிறுத்திவிட்டேன். இதை எழுதுகிறவன் காட்டுக்குள் போகாதவன். காடு ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. பூச்சிகள் போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் சொல்கிற எண் காதில் விழாது. நூற்றுப் பன்னிரண்டா, நூற்று இருபதா என்று மூன்று தடவை கேட்க வேண்டும்.]

"எனக்கு ஒரு நண்பர் இருந்தார். அளவையாளர். நல்ல மனிதர், கொஞ்சம் சோம்பேறி. ஒருநாள் அவர்—"

[பழியை ஒரு நண்பர் தலையில் கட்டலாம் என்று பார்த்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மனைவி, "யாரு இந்த நண்பர்? உங்க கண்ணாடியை ஏன் போட்டுக்கிட்டு நிக்கறார்?" என்றாள். நண்பரை அனுப்பிவிட்டேன்.]

"வட்டம் எண் 17. முதல் அளவீடு. மரங்கள் முப்பத்தொன்று. வானிலை: தூறல். அளந்தவர்: கீழே கையொப்பமிட்டவர்."

[மூன்றில் இதுதான் நன்றாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் இப்படி ஆரம்பிக்கிற கதையை நீங்கள் படிக்க மாட்டீர்கள். நானே படித்ததில்லை, எழுதி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.]

3

வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டில் உள்ள எல்லா மரத்தையும் அளக்க முடியாது. ஆகவே வரைபடத்தில் சம இடைவெளி விட்டுப் புள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பதினெட்டு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அலுமினியத் தகடு, தகட்டில் ஒரு நம்பர். மார்பு உயரத்தில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வளையம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே வட்டம், அதே மரம், அதே வளையம். சுற்றளவு தெரிந்தால் ஒரு சூத்திரம் மரத்தின் எடையைச் சொல்லிவிடும். எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். மரம் காற்றிலிருந்து இழுத்து உடம்பாக்கிக்கொண்டது. அந்த வட்டம் தன்னைச் சுற்றியுள்ள ஆறாயிரம் ஏக்கர் காட்டுக்குப் பேசும். வட்டத்தில் மரம் பருத்தால் ஆறாயிரம் ஏக்கரும் பருத்ததாக அர்த்தம்.

(அடிக்குறிப்பு: மார்பு உயரம் என்றால் மரத்தின் மார்பு அல்ல, அளப்பவனின் மார்பு. வளையம் போட்ட காலத்தில் அது என் மார்புக்கு வந்தது. இப்போது கழுத்துக்கு வருகிறது. மரம் வளர்ந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன். "வளையம் மேல போகாதுப்பா. நீங்கதான் குறைஞ்சிட்டீங்க" என்றாள். அலுவலகத்தில் அவளுக்கு 'தசமப்புள்ளி' என்று பட்டப்பெயர். இப்போது புரிந்திருக்கும்.)

4

முப்பத்தெட்டு வட்டங்களை நானே நிறுவினேன். ஐந்து வருஷம் கழித்து இரண்டாம் அளவீட்டுக்குப் போனபோது, வட்டம் பன்னிரண்டில் மரம் இல்லை. நான்கு மணி நேரம் ஏறிப்போய்ப் பார்த்தால் இருபத்தொன்பது அடிக்கட்டைகள். வெட்டு அனுமதி பெற்ற பகுதிதான்; சட்டப்படி வெட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்குக் கோபம் வந்தது. காரணம், இல்லாமை அறிக்கை.

அளக்க வேண்டிய மரம் இல்லையென்றால், மரம் ஒன்றுக்கு ஓர் அறிக்கை மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். இருபத்தொன்பதை மூன்றால் பெருக்குங்கள். அதில் காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: புயல், தீ, பூச்சி, மற்றவை. 'வெட்டப்பட்டது' என்று ஒரு கட்டம் கிடையாது. படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை. 'மற்றவை' என்று குறித்தால், ஒவ்வொரு பிரதியிலும் சம்பந்தப்பட்ட நபரின் கையெழுத்து வேண்டும்.

சம்பந்தப்பட்ட நபரைத் தேடிப் போனேன். வெட்டு மேஸ்திரி ஒரு தகரக் கொட்டகையில் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தேழு தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன சார் இது, கல்யாணப் பத்திரிகையா?"

"கையெழுத்துப் போடணும். எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா!" என்று ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், எனக்குக் கையெழுத்துப் போடறது மரம் சாய்க்கிறதைவிடக் கஷ்டம். ஒண்ணு பண்ணலாமா? உங்க தகடு இருக்கற மரத்தை இனிமே நான் தொடல. ஆயிரம் மரத்துல முப்பது மரத்தை விட்டா எனக்கென்ன கொறைஞ்சிடப்போவுது? நீங்களும் இந்தக் கட்டைத் தூக்கிக்கிட்டு வர வேண்டாம்."

யோசித்துப் பார்த்தேன். பத்து நொடி இருக்கும். "நல்ல யோசனை" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை. எழுதப் பிடிக்காத இரண்டு பேர் கைகுலுக்கினார்கள்.

5

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்தப் பத்து நொடியில் அளவையாளனின் மனதில் என்ன இருந்தது?

சோம்பல் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்துகிறது. ஆனால் சோம்பேறி நான்கு மணி நேரம் ஏறுவானா?

மரத்தின் மேல் பாசம் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் பொருந்துகிறது. பதினேழாம் வட்டத்து ஒன்பதாம் நம்பரை, பெயர் மறந்துபோன சொந்தக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வடக்குப் பக்கம் ஒரு முடிச்சு. நாடா அதில் இடறும். கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இழுக்க வேண்டும். ஆனால் பாசமுள்ளவன் மற்ற தொள்ளாயிரத்து எழுபது மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டானா? அவன் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

ஆகவே இந்தப் பாத்திரம் சரியாக உருவாகவில்லை. வாசகர் மன்னிக்க வேண்டும். நாற்பது வருஷமாக முயற்சி செய்கிறேன்.

6

மேஸ்திரி வாக்குத் தவறவில்லை. மிச்சமிருந்த முப்பத்தேழு வட்டத்திலும் ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை. சுற்றிலும் வெட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிவைத்தார். என் பங்குக்கு நானும் கொஞ்சம் சேர்த்தேன்: நம்பர் மரத்தை வெட்டினால் ரம்பம் பிடித்த கை மூன்றே நாளில் வீங்கும், ஒருவனுக்கு மச்சான் கையும் சேர்ந்து வீங்கியது.

வருடாந்தரக் கூட்டத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, இதை மற்ற அளவையாளர்களிடம் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் யாரிடமும் இல்லாமை அறிக்கை இல்லை. நாடு முழுவதும் ஒன்றுகூட இல்லை. இயக்குநர் எங்களைப் பாராட்டினார். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என் பேச்சை எல்லோரும் கேட்டு நடந்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. சுற்றிலும் வெட்டியதால் வட்டத்து மரங்களுக்கு வெயில் தாராளமாகக் கிடைத்தது. வேருக்குப் போட்டியில்லை, தண்ணீருக்குப் போட்டியில்லை. காட்டுக்குள் இருந்திருந்தால் வளர்ந்திருப்பதைவிட வேகமாகப் பருத்தன. வெட்ட வெட்ட அவை கொழுத்தன. அவை கொழுக்கக் கொழுக்க, நாட்டின் கரிமம் கூடியது.

வெட்டிய நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதிவேட்டில் அது காடாகவே இருக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வரும் என்பது எதிர்பார்ப்பு. வரும்வரை அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'தற்காலிகமாக மரமில்லாத காடு.' நான் எத்தனையோ புளுகியிருக்கிறேன். இந்த உயரத்துக்கு ஏறியதில்லை.

7

போன வாரம் மகள் வீட்டுக்கு வந்து அறிக்கையின் நகலை மேசையில் விரித்தபோது, அந்தப் பத்தொன்பதைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். முழுவதையும். மேஸ்திரி, எண்பத்தேழு தாள், சாப்பாட்டு வரிசை.

அவள் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கரடி எங்கப்பா?" என்றாள்.

கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏழு வயதில், என் படிவங்களில் சாட்சிக் கையெழுத்து ஒரு கரடிதான் போடுகிறது என்று சொல்லியிருந்தேன். மையில் பாதத்தைத் தோய்த்து, ரொம்ப அழகாகப் போடும். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் உறுமும். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் என் கையைப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து எதையும் அளந்து பார்க்காமல் நம்புவதில்லை. என் பொய்கள் வளர்த்த பிள்ளை அவள். நல்ல பிள்ளை.

"இதுல கரடி இல்லம்மா. இது நிஜம்."

"கரடி கதையிலயும் இப்படித்தான் சொன்னீங்க."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவர் முகத்தைப் பாருடி. சிரிக்காம சொல்றார்."

"அவர் எப்பம்மா சிரிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கார்?"

அதுதான் பிரச்சினை. பொய்யையும் மெய்யையும் ஒரே முகத்தோடு சொல்லிப் பழகிவிட்டேன். வேறு முகம் இல்லை.

"வா, காட்டறேன்" என்றேன்.

8

அவளுடைய காரில் பதினேழாம் வட்டத்துக்குப் போனோம். மூன்று மணி நேரம் சாலை, அப்புறம் அரை மணி நேரம் நடை. என் ஊன்றுகோல் சரியும் இடத்திலெல்லாம் அவள் கை என் முழங்கைக்கு வந்தது. சமதளம் வந்ததும் போய்விட்டது.

மேட்டின் மேல் ஏறியதும் நின்றாள்.

[இந்த இடத்தில் வர்ணனை வேண்டும். மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.] கண்ணுக்கு எட்டியவரை அடிக்கட்டை, காய்ந்த புல், டிராக்டர் தடம். நடுவில் வட்டமாக ஒரு தோப்பு. ஓரங்களில் ஒரு கிளைகூட மிஞ்சவில்லை. காம்பஸ் வைத்து வரைந்து வெட்டியது போல. எதிர்மேட்டில் அதே போல இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

மகள் பையிலிருந்து நாடாவை எடுத்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து வட்டத்தின் மையக் கல்லருகே நிற்கவைத்தாள். கடைசி மரம்வரை நடந்தாள்.

"பதினெட்டு புள்ளி ஒண்ணு" என்றாள். குரல் மாறியிருந்தது.

வட்டத்துக்குள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நிழல் அங்கே மட்டும்தான். மரம் வெட்டும் இயந்திர ரம்பங்களை நம்பர் மரங்களின் மேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். இப்போதைய மேஸ்திரி, பழைய மேஸ்திரியின் அக்கா மகன்.

"வாங்க மேடம். பெரியவரே, உக்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு."

"இந்த மரத்தையெல்லாம் ஏன் விட்டிருக்கீங்க?" என்றாள் மகள்.

"நம்பர் மரம் மேடம். அதைத் தொட மாட்டோம். எங்க மாமா காலத்துலேர்ந்தே அப்படித்தான். தொட்டா கை வீங்கும்."

"யார் சொன்னா?"

"அளக்கற ஆள் ஒருத்தர் இருந்தாராம். அவர்தான் மாமாகிட்ட சொன்னது."

"அவர் இப்ப எங்க?"

"அவரா? அப்பவே செத்துட்டாரு மேடம். மரத்து மேலேர்ந்து விழுந்து. அதனாலதான் அவர் பேச்சைத் தட்ட எங்களுக்குப் பயம்."

சத்தியமாக அதை நான் கட்டிவிடவில்லை. என்னைவிடப் பெரிய புளுகன் யாரோ இருந்திருக்கிறான். நான் இறந்த செய்தியைக் கேட்டு அனுதாபமாகத் தலையாட்டினேன்.

மகள் ஒன்பதாம் நம்பர் மரத்துக்குப் போய் நாடா போட்டாள். முடிச்சில் இடறியது. நான் சொல்லாமலே தளர்த்தி, திரும்ப இழுத்தாள். முதல் அளவீட்டில் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். இப்போது இருநூற்று மூன்று.

"தகடு கழட்டத்தான் வந்தீங்களா மேடம்?" என்றான் மேஸ்திரி. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். "கழட்டறதுன்னா சொல்லுங்க. மிஷின் எல்லாம் இங்கதான் இருக்கு, அரை நாள் வேலை. அடுத்த மாசம் வடக்குச் சரிவை வெட்டறதுக்குத் தொறக்கறாங்களாமே, அதுக்கு முன்னாடி இந்த மேட்டைச் சுத்தமா முடிச்சுட்டா எங்களுக்கும் நிம்மதி."

9

திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் ஜன்னல் வழியாக வெளியே இருந்த காட்டை, மன்னிக்கவும், தற்காலிகமாக—

[விட்டுவிடுகிறேன். ஒரே நகைச்சுவையை இரண்டு தடவை செய்யக்கூடாது.]

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றாள்.

"நடந்தது நாற்பது வருஷமா தெரியும். அதோட அர்த்தம் ஓய்வு பெற்ற வருஷம்தான் புரிஞ்சுது."

"அதுவே இருபது வருஷம். இருபது வருஷமா என் மேசையில வர்ற எண்ணைப் பார்த்துக்கிட்டே எங்க வீட்டுல டீ குடிச்சிருக்கீங்க."

"ஆயிரத்து நூற்றுப் பதினாலு மரமாவது நிக்குதேம்மா. முப்பத்தேழு வட்டத்துலயும் சேர்த்து. என்னால."

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள்.

"வருஷா வருஷம் எவ்வளவு வெட்டலாம்னு எதை வெச்சுப்பா அனுமதி கொடுக்கறாங்க?"

"வளர்ச்சியை வெச்சு."

"யாரோட வளர்ச்சி?"

ஒன்பதாம் நம்பரின் வளர்ச்சி. அதன் அக்கம்பக்கத்து முப்பது மரங்களின் வளர்ச்சி.

"வளருது, வெட்டலாம். வெட்டினா இன்னும் வளருது, இன்னும் வெட்டலாம். நீங்க மரத்தைக் காப்பாத்தலப்பா. வெட்டறவனுக்கு நாற்பது வருஷமா நற்சான்றிதழ் கொடுத்திருக்கீங்க. இந்தப் பத்தொன்பதை வெச்சுத்தான் வடக்குச் சரிவைத் தொறக்கப்போறாங்க. அங்க மட்டும்தான் இன்னும் கோடாலி போகல."

"நீ கையெழுத்துப் போடாதே."

"நான் போடலேன்னா பக்கத்து அறையில இருக்கறவர் போடுவார். பதினோரு மணிக்குள்ள போட்டுடுவார்." ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "நிறுத்தறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. வட்டத்தை நிறுவினவர் எழுத்துமூலமா வாக்குமூலம் கொடுத்தா, எல்லா வட்டத்தையும் மறு ஆய்வுக்கு அனுப்பலாம். அறிக்கை நிக்கும். வடக்குச் சரிவும் நிக்கும். நிறுவினவங்கள்ல உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"கொடுத்தா என் வட்டங்கள்?"

"உங்களுது முப்பத்தேழும் உடனே ரத்து. ரத்தான வட்டத்துல தகடு இருக்கக்கூடாது. ஒரு வாரத்துக்குள்ள கழட்டணும்."

தகடு கழன்றால் என்ன ஆகும் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அரை நாள் வேலை என்று ஒருவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது ஒற்றைத் தாள் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். பன்னிரண்டு கோடுகள், கீழே கையெழுத்துக்கு ஓர் இடம். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு வருவேன்" என்றாள். "கதை வேண்டாம்ப்பா. பன்னிரண்டு வரி."

10

பன்னிரண்டு வரி எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது வந்துகொண்டிருக்கிறது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுத் தொலைங்களேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னா உடம்புக்கு ஒண்ணும் ஆயிடாது."

"எனக்கு ஆகாது. ஆயிரத்து நூற்றுப் பதினாலு பேருக்கு ஆகும்."

"பேரா! அதுங்க உங்களை யாருன்னு கேட்குமா?"

கேட்காது. அது எனக்கும் தெரியும். மனதில் ஓடுகிற முடிவுகளை எழுதிவைக்கிறேன். எது தேறுகிறது பாருங்கள்.

முடிவு: கையெழுத்துப் போடுகிறேன். மகள் அறிக்கையை நிறுத்துகிறாள். வடக்குச் சரிவின் வாயிலில் பூட்டுத் தொங்குகிறது. ஒரு வாரத்தில், தகடு கழன்ற வட்டங்களுக்குள் அந்த மரியாதையான மேஸ்திரி நுழைகிறான். என்னால் நின்றவை என்னால் விழுகின்றன. அலுவலகம் புதிய எண்ணை வெளியிடுகிறது; அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி. யாரோ மேடையில், "காடு குறையவில்லை, அளக்கும் முறைதான் மாறியிருக்கிறது" என்கிறார். [இதில் வடக்குச் சரிவின் பூட்டு எத்தனை நாள் தொங்கும் என்று எழுதவில்லை. எழுதினால் கையெழுத்துப் போட மனம் வராது.]

முடிவு: போடவில்லை. மகள் தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போடுகிறாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். எதையும் அளந்து பார்ப்பதில்லை. [இதைத்தான் என்னால் படிக்க முடியவில்லை.]

முடிவு: போடவில்லை. அவளும் போடவில்லை. பக்கத்து அறைக்காரர் போடுகிறார். மதியத்துக்குள் அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்துகொள்கிறார்.

முடிவு: ஒரு கரடி வந்து, பாதத்தை மையில் தோய்த்து—

[இல்லை.]

11

எட்டு மணி ஆகிவிட்டது. மகள் வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றவில்லை.

"எழுதிட்டீங்களா?"

"எழுதியிருக்கேன்" என்று இந்தக் கட்டைக் கொடுத்தேன்.

கனத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. படிவம் மேசைமேல் வெறுமையாகக் கிடப்பதையும் பார்த்தாள். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். அவள் முன்பக்கங்களில் இருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து பின்பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறீர்கள்.

மேஸ்திரி கல்யாணப் பத்திரிகையா என்று கேட்ட இடத்தில் அவள் மூக்கு லேசாக விரிந்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். கரடியிடம் வந்தபோது முகம் அப்படியே நின்றது. அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். எட்டாம் பகுதியில் பையிலிருந்து பென்சிலை எடுத்து எதையோ திருத்தினாள்.

"பதினெட்டு புள்ளி பூஜ்யம் ஆறு" என்றாள். "ஒண்ணுன்னு நான் முழுசாக்கிச் சொன்னேன்."

"கதைதானேம்மா."

"அதை நீங்கதான் இன்னும் முடிவு பண்ணல."

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது பத்து. இங்கிருந்து அலுவலகத்துக்கு நாற்பது நிமிஷம். அவள் பத்தாம் பகுதியில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளைப் படித்துக்கொண்டிருக்கிறாள். தாளைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது. இப்போது பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அடுத்த தாளுக்குக் கையை நீட்டுகிறாள். அடுத்தது இதுதான்.

இதைக் கொடுத்துவிட்டால் என்னிடம் எழுதுவதற்குத் தாள் இல்லை. வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே தாள் அந்தப் படிவம். அதில் நான் எழுதுவதும் எழுதாததும் இந்தக் கதைக்குள் வராது. அது அலுவலகக் கோப்பில் போய்ச் சேரும், கோப்பை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். என்னிடம் கேட்டும் பயனில்லை. நான் எதைச் சொன்னாலும் இதே முகத்தோடுதான் சொல்வேன்.

முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால், சிரமம் பார்க்காமல் பதினேழாம் வட்டத்துக்கு ஏறிப் போய்ப் பாருங்கள். மரங்கள் நின்றால், நான் பொய்யனாகவே இருந்துவிட்டேன். அடிக்கட்டைகள் இருந்தால், உண்மையைச் சொல்லிவிட்டேன்.